ஒன்றரை லிட்டர்

"எத்தன பேருக்குங்க?" என்று விற்பனைப் பெண் கேட்டது என்னைப் பார்த்து. பதில் சொன்னது என் கணவர் சென்னியப்பன். "எடுத்துப் போடுங்க அம்மிணி, பாத்தர்லாம்." ஆள்கணக்கே சொல்லவில்லை. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் என்னைக் கேட்டாலும் இவர்தான் சொல்வார், எடது தோள்பட்டைங்க, பத்து நாளா, என்று. சரியாகவும் சொல்லிவிடுவார். அதுதான் எரிச்சல், தப்பாகச் சொன்னாலாவது சண்டைக்கு இடமிருக்கும். ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு ஆளுக்கு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி மேஜைமேல் அஞ்சு லிட்டர் குக்கர் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு வேண்டியது ஒன்றரை லிட்டர். ஒன்றரை லிட்டர் குக்கர் ஒன்று, சின்ன வடச்சட்டி ஒன்று, ஒரு தோசைக்கல், பால் காய்ச்ச ஒரு போசி. போன வாரமே பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கிழித்து, பர்ஸில் மடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் தாளவாடிக்கு ஏறுகிறேன். திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, அதையெல்லாம் தாண்டினால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு நாலு வீடு தள்ளி ஒரு அறையும் அடுப்படியும். அடுப்படியில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் நிற்க முடியாது. வீட்டுக்காரம்மா அதைக் குறையாகச் சொன்னாள், நான் அதற்காகவே அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன். இவரிடம் அதைச் சொல்லவில்லை. வாராவாரம் சனிக்கிழமை வந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். தனியாக இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. தனியாக இருக்கவேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வாக்கியம் கிடையாது, இருந்தாலும் அது கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள் சொல்கிற வாக்கியம். எனக்குக் கோபம் இல்லை. இல்லை, இருக்கிறது, இப்போது இந்த அஞ்சு லிட்டர் குக்கர்மேல் இருக்கிறது.

"கலா, அடியப் பாரு, நல்ல கனம்," என்று புறங்கையால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார். தேங்காய் வாங்கினாலும் இப்படித்தான், தர்பூசணி வாங்கினாலும் இப்படித்தான். என்ன கேட்குமோ அவருக்கு. "என்ன கேஜுங்க இது? இண்டக்சன்ல வெக்கலாமுங்களா?" விற்பனைப் பெண்ணின் நெஞ்சில் ஈஸ்வரி என்று அட்டை குத்தியிருக்கிறது, நாற்பது வயதிருக்கும், கடையின் நீலப் புடவை. அவரைப் பார்த்துப் பதில் சொல்கிறாள், பாத்திரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். எடுப்பது அவர், சுமப்பது நான் என்று பார்த்ததும் புரிந்துகொண்டிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை, தினமும் நூறு ஜோடியைப் பார்க்கிறவள். நான் பர்ஸிலிருந்து சீட்டை எடுத்தேன். ஒன்றரை லிட்டர் காட்டுங்க என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்ட குரல். மறுபடியும் சொன்னேன். ஈஸ்வரி முகம் மலர்ந்துவிட்டது. "பேரன் பேத்திக்குங்களா மேடம்? ஒன்ற லிட்டர் கைக்கொழந்தைக்குப் பருப்பு வேக வெக்கறதுக்கு வாங்கிட்டுப் போவாங்க." இல்லை, எனக்கு. எனக்குத்தான் பருப்பு வேகவேண்டும், ஐம்பத்தைந்து வயதுக் கைக்குழந்தைக்கு. சொல்லவில்லை. அவர் சிரித்தார், ஈஸ்வரியும் சிரித்தாள், நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இது மூன்றாவது தடவை வந்த தலைமை ஆசிரியை பதவி உயர்வு. முதல் தடவை வந்தபோது மகள் மிதுனா பத்தாம் வகுப்பு. இரண்டாம் தடவை மாமியார் படுக்கையில். இரண்டு தடவையும் குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வைத் துறக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இரண்டு தடவையும் பேனாவை நீட்டியது இவர். போடாதே என்று சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை, எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார். இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. கவுன்சலிங்கில் திரையில் ஊர்கள் ஓடின, பக்கத்து ஊர் இரண்டு காலியாக இருந்தன, அரை மணி நேர பஸ், தினமும் வந்துபோகலாம். நான் தாளவாடி என்றேன், எடுத்தால் இரண்டு வருடத்துக்கு மாறுதல் கேட்க முடியாது என்று தெரிந்தே. எனக்குப் பின்னால் நின்ற டீச்சர், ஐயோ மலை மேலயா, என்றாள். வீட்டில் வந்து வேறு ஊரே இல்லை என்று சொன்னேன். பொய்தான். அதற்குப் பிறகு பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. சாருக்குச் சாப்பாடு? ஆசிரியர் அறையில், கோயிலில், பால் சொசைட்டியில். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர் தேர்ச்சி, மழைக்கு ஒழுகுமா, ஒருவர் கேட்கவில்லை. சாருக்குச் சாப்பாடு. சாருக்குச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, ஏழு பேர் இருக்கிற வீடு, அவருடைய தம்பி குடும்பமும் எங்களோடு ஒரே அடுப்பு, தம்பி பொண்டாட்டி சிவகாமி என்னைவிட நன்றாகச் சமைப்பாள், "நீங்க தைரியமாப் போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அவளே சொல்லிவிட்டாள். பின்னே என்ன என்று கேட்டால் என்னிடம் இருக்கிற பதில் ஒன்றரை லிட்டர் மட்டும்தான்.

ஒன்றரை லிட்டர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். போன ஆவணியில் ஒரு முகூர்த்தம், காங்கயத்தில், வீட்டில் எல்லோரும் வேன் பிடித்துப் போய்விட்டார்கள். பரீட்சைத் தாள் நூற்றிருபது திருத்தவேண்டும் என்று நான் தங்கிவிட்டேன், அது நிஜம், ஆனால் முன்னாலேயே திருத்தியிருக்கலாம். பதினொரு மணிக்குப் பசித்தது. பசித்தது என்பதே வேடிக்கையாக இருந்தது, எனக்குப் பசிக்குமுன் யாருக்காவது பசித்துவிடும், நான் ஆக்கிவிடுவேன், ஆக்கினால் வாசனையிலேயே எனக்குப் போய்விடும். அரிசிம்பருப்பு வைக்கலாம் என்று டம்ளரை எடுத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி? தெரியவில்லை. கணக்கு டீச்சர், ஏழு பேருக்கு மூன்றரை டம்ளர், அப்படியானால் ஒருவருக்கு அரை டம்ளர், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் கை போகவில்லை. அரை டம்ளரை அள்ளிப் பார்த்தால் பிச்சை போட எடுத்ததுபோல இருந்தது. இருக்கிறதில் சின்னக் குக்கர் ஏழரை லிட்டர். அதில் அந்த அரை டம்ளர் அரிசியும் ஒரு கைப்பிடி பருப்பும் நாலு சின்ன வெங்காயமும் எங்கேயோ அடியில் கிடந்தன. விசில் வருவதற்குள் தண்ணீர் வற்றிப்போய்ப் பிடித்துக்கொண்டது. கருகின வாசனை வீடு முழுக்க. மேலாகச் சுரண்டி, ஒரு அப்பளம் பொரித்து, நெய் விட்டு, தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டேன். நாலு பக்கம் படித்தேன். உப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டில் கை காய உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரமோ. அழுகை வந்தது, துக்கம் இல்லை, நன்றாக இருந்தது, அதனால் வந்தது. அன்றைக்குத் தோன்றியதுதான், இதற்கு ஒரு சின்னக் குக்கர் வேண்டும் என்று. குக்கர் மட்டும்தான் தோன்றியது. ஊரும் மலையும் அப்புறம் வந்தவை.

"ஒறம்பரை வந்தா என்ன பண்ணுவ?" என்கிறார் இப்போது. யார் வருவார்கள் தாளவாடிக்கு, இருபத்தேழு வளைவு ஏறி என் கையால் ஒரு வாய் சாப்பிட. "நாளைக்கு மிதுனா புருசனோட வந்தா? ஒரு டீச்சரு வீட்டுக்கு வந்தாங்க, ஒரு வா சாப்டுங்கன்னு சொல்ல வேண்டாமா?" சொல்லவேண்டாம். அதுதான், சொல்லவேண்டாம். நாலு பேர் வந்தால், நாலு பேர் வந்தால் என்று வாழ்க்கை முழுக்க இரண்டு டம்ளர் கூடப் போட்டாயிற்று, வராத அந்த நாலு பேர் சாப்பாட்டை மறுநாள் காலையில் தாளித்து நான் தின்றாயிற்று. ஈஸ்வரி நடுவில் புகுந்து மூன்று லிட்டரை எடுத்து வைக்கிறாள், இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. "இது மீடியமுங்க மேடம். சின்னதுல பெருசு ஆக்க முடியாது, பெருசுல சின்னது ஆக்கலாம்." ஆக்க முடியாது, அம்மா, அடிப்பிடிக்கும், நான் ஆக்கிப் பார்த்தவள். கடையில் எங்கே பார்த்தாலும் எவர்சில்வர், எல்லாவற்றிலும் என் முகம் வயிறு வீங்கித் தெரிகிறது. சட்டிக்குள் சட்டி, அதற்குள் சட்டி என்று கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுக்கின் உச்சியில் ஒரு சின்னது இருக்கிறது, எட்டவில்லை. இந்த மனுஷர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, சம்பளக் கவர் என்னிடம் வராவிட்டாலும் வெளியே எங்கும் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கத் தெரியாது, ஆனால் ராத்திரி மூன்று தடவை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். என்ன குறை என்று பஞ்சாயத்து வைத்துக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? விசிலை எண்ணுகிறார் என்றா சொல்வேன்?

விசிலை எண்ணுகிறார். போன ஜூனில் சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றார், அன்றிலிருந்து அடுப்படி வாசற்படியில் நிற்கிறார். வேலை செய்ய இல்லை, நிற்கிறார். "ரெண்டு ஆயிருச்சு கலா." தெரியும். "மூணு." கேட்டது. "நிறுத்தலாமா?" எனக்குக் காது இருக்கிறது. ஆலையில் முப்பத்தைந்து வருடம் ஷிப்டுக்கு ஆள் எண்ணிய மனிதர், எண்ணுவதற்கு இப்போது விசில்தான் இருக்கிறது, பாவம். பாவம் என்று நினைக்கக்கூடாது. பாவம் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டேன். வெங்காயத்தை ஏன் இப்படி அரிகிறாய் என்பார். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு நன்றாக மூடாமல் போவார். நான் புத்தகம் எடுத்தால் எதிரில் வந்து உட்கார்ந்து அவரும் ஒன்றை எடுத்து, இதைக் கேளேன், என்று சத்தமாகப் படிப்பார். ஒன்றும் தப்பில்லை, எல்லாம் அன்புதான், இந்த அன்பில் எனக்கு ஒரு அடி இடம் இல்லை. போன வாரம் சந்தையிலிருந்து கம்பளி வாங்கிவந்தார், தாளவாடியில் பனி ஜாஸ்தி என்று. பையைப் பிரித்தேன். இரண்டு கம்பளி. ஒன்று மடித்தபடி, ஒன்று விரித்துப் பார்த்து மடித்தபடி. ஒன்றைத் துவைத்துக் காயப்போடும்போது இன்னொன்று வேண்டும் என்று வாங்கியிருப்பார், கருத்தான மனிதர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பளியை யாராவது வாராவாரம் துவைப்பார்களா? ஒரு வாரமாக அந்த இரண்டாவது கம்பளி நெஞ்சில் கிடக்கிறது, இறக்கி வைக்கவும் இல்லை, பிரித்துப் பார்க்கவும் இல்லை.

பிரித்துப் பார்க்கவேண்டிய வேலை எனக்கு வைக்காமல் அவரே ஈஸ்வரியிடம் சொன்னார். என்னிடம் இல்லை, ஈஸ்வரியிடம். மூன்று லிட்டரை ஒதுக்கிவிட்டு அஞ்சு லிட்டர்மேல் கையை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு நல்ல இடத்தில் வேலை கிடைத்ததைச் சொல்கிற முகத்தோடு. "நாங்க ரெண்டு பேருமே போறமுங்க. ரிட்டையர் ஆயாச்சு, இங்க எனக்கு என்ன வேல? இவள மலைக்குத் தனியா உட்டுப்போட்டு எப்டிங் இருக்கறது? இன்னும் சொல்லலீங்க, திங்கக்கெழம பஸ்ல ஏறிச் சொல்லலாம்னு இருந்தேன்." ஈஸ்வரி, "கேட்டீங்களா மேடம், சாரு உங்கள உட்டு இருக்க மாட்டாங்களாமா," என்று என் கையைத் தொட்டாள். பக்கத்து மேஜையில் தோசைக்கல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கொடுத்து வைத்தவள் என்று. நான் கொடுத்து வைத்தவள். என் கையில் மடித்த சீட்டு இருந்தது, கசங்கி ஈரமாகிவிட்டது.

இப்போது சொல்லவில்லை என்றால் திங்கட்கிழமை ஜன்னல் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வளைவாக எண்ணுவார், பதிமூணு கலா, பதினாலு கலா. அந்த ஒரு ஆள் அடுப்படியில் நான் உள்ளே நிற்பேன், இவர் வாசற்படியில் நிற்பார், இரண்டு விசில், மூன்று விசில். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது கேட்டில் நிற்பார், என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய், நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிடு. சொன்னால்? ஊர் என்ன சொல்லும், இந்த வயதில் புருஷனை விட்டுவிட்டுப் போனாள் என்னும். மிதுனா போனில் அழுவாள், அப்பா என்னம்மா பண்ணினார் என்பாள், ஒன்றும் பண்ணவில்லை என்றால் இன்னும் அழுவாள். ராத்திரி இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டால்? தம்பி இருக்கிறான், சிவகாமி இருக்கிறாள், ஆனால் ராத்திரி எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை என்றால்? நான் தொட்டுப் பார்த்ததே இல்லையே, அவர்தான் தொடுவார், எனக்கு. பெரியதை வாங்கிவிட்டு அங்கே போய்ச் சொல்லலாம். அங்கே போனால் சொல்ல மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும், அங்கே போனால் அரிசி கழுவிக்கொண்டிருப்பேன். வேறு கடைக்குப் போகலாம் என்று சொல்லலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லலாம், நிஜமாகவே சுற்றுகிறது, உட்கார நாற்காலி போடுவார்கள், இவர் தண்ணீர் வாங்க ஓடுவார், ஓடுவார், அதுதான் பயமாக இருக்கிறது. ஈஸ்வரி அஞ்சு லிட்டர் குக்கரைப் பெட்டிக்குள் இறக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அது வேண்டாமுங்க," என்றேன். வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது, பக்கத்து மேஜை அம்மா திரும்பினாள். "ஒன்றரை லிட்டர் எடுங்க. எனக்கு மட்டுந்தான்." அவர், ஏ கலா, நான் இப்பத்தானே சொன்னேன், என்று சிரித்தபடியே ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து முழு வாக்கியமாக எதையாவது சொல்லியிருக்கிறேனா, தெரியவில்லை. "ஏனுங்க, நீங்க வர வேண்டாம். எனக்குத் தனியா இருக்கோணும். உங்க மேல ஒரு கோவமும் இல்லீங்க. ரெண்டு வருசம் ஒரு ஆளுக்கு ஆக்கிச் சாப்பிடோணும்னு இருக்குது." அவ்வளவுதான் வந்தது. இவ்வளவு நாளாக எத்தனை பெரிய வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தேன், கடைசியில் வந்தது இதுதான், சாப்பாட்டுராமி பேசுகிறது போல. ஈஸ்வரி பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். அவர் சிரிப்பு உடனே போகவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்வதற்கு விசிலில் ஆரம்பித்து எல்லாம் தயாராக வைத்திருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கேளுங்கள். கேட்டுத் தொலையுங்கள். அவர் அஞ்சு லிட்டர்மேலிருந்து கையை எடுத்தார்.

ஈஸ்வரி ஏணியில் ஏறி உச்சி அடுக்கிலிருந்து சின்னதை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. அவர் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து, கவிழ்த்து, உள்விளிம்பில் ஓடுகிற கருப்பு ரப்பரை விரலால் ஒரு சுற்று தடவினார். "இந்த சைசுக்கு காஸ்கெட் மலைல கெடைக்காதுங். ரெண்டு, இல்ல மூணு, சேத்திப் போட்டருங்க," என்று ஈஸ்வரியிடம் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அப்பறம், இவளுக்கு அத ஒருக்கா மாட்டிக் காமிச்சருங்க. எங்கூட்டுல எப்பவும் நாந்தான் மாத்துவேன்." சொல்லிவிட்டு பில் போடும் இடத்தில் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் சண்டைக்கு வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே நின்றுபோய்விட்டது, இந்த மனிதர் கடைசியாகக்கூட ஒரு கோபம் பட விடமாட்டார், அந்தக் கோபத்தில் கண் மறைத்தது. ஈஸ்வரி ரப்பரைக் கழற்றி என் கையில் கொடுத்து மூடியை என் பக்கம் திருப்பினாள். பள்ளத்துக்குள்ள வெச்சு ஒரு பக்கத்துல இருந்து அமுக்கிட்டே வாங்க மேடம், என்றாள். ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் வெளியே வந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.